பொட்டு ஒட்டிய கேஸ் பேப்பர்கள்

போன மாதம் அண்ணன் மகள் ஆண்டாப் ஹில்லில் இருந்து திலக் நகருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். உள்ளே வந்து உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தை, பார்ட் டைம் ஜாப்ல எது பெஸ்ட்? நீங்க நெறைய பண்ணியிருக்கீங்கன்னு அப்பா சொன்னாங்க. ஒவ்வொண்ணுலயும் என்ன நல்லது, என்ன கெட்டதுன்னு சொல்லுங்க. லிஸ்ட் போட்டுக்கிடுதேன்."

எனக்கு அறிவுரை சொல்லப் பிடிக்கும். யாராவது கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

முதலில் நூல் வெட்டுகிற வேலையைச் சொன்னேன். தாராவியில் எங்கள் வீடு ஒரு தையல் பட்டறைக்கு மேலே இருந்தது. தைத்து முடித்த சட்டைகளை மூட்டையாக மேலே அனுப்புவார்கள். தொங்கும் நூல்களை வெட்டிக் கீழே அனுப்ப வேண்டும். வீட்டை விட்டு இறங்க வேண்டாம், சர்டிபிகேட் யாரும் கேட்கமாட்டார்கள், கையில் கத்தரி இருந்தால் போதும். இதெல்லாம் நல்லது. கெட்டது என்னவென்றால், நூல் வீட்டை விட்டுப் போகாது. சோற்றில் கிடக்கும், தலையில் கிடக்கும், பாடப் புத்தகத்தைத் திறந்தால் அதற்குள்ளும் கிடக்கும். அந்த வருடம் நான் தும்மாமல் ஒரு பக்கம் படித்ததாக ஞாபகம் இல்லை.

அடுத்தது டியூஷன். பத்துப் பிள்ளைகள், எங்கள் வீட்டுப் பரணில். சந்தில் நடந்தால் "டீச்சர்" என்று கூப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் எனக்கு அது பெரிய போதை. ஆனால் பிள்ளை பாஸானால் பிள்ளை கெட்டிக்காரன், பெயிலானால் டீச்சர் சரியில்லை. ஒருத்தி பெரியவனோடு கைக்குழந்தையையும் சேர்த்து விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். ஒரு கையில் அதை ஆட்டிக்கொண்டே மறு கையால் வகுத்தல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, மாலில் சென்ட் அடிக்கிற வேலை. வாசல் பக்கம் நின்று வருகிறவர்கள் மணிக்கட்டில் பீச்ச வேண்டும். ஏசி உண்டு, இங்கிலீஷ் பேசிப் பழகலாம். ஆனால் உட்காரக் கூடாது. ஒரு சின்ன ஸ்டூல்கூடக் கிடையாது. இரவல் ஷூவில் ஏழு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அப்பா மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பி உட்காருவார். மூன்று வாரத்தில் விட்டுவிட்டேன்.

அண்ணன் மகள் போனில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு, "என் ஃப்ரெண்ட் ஒருத்தி வடாலால ஒரு கோச்சிங் கிளாஸ் ஆபீஸ்ல இருக்கா, அத்தை. ஒரு மாசம் ஊருக்குப் போறாளாம். பத்லிக்கு என்னை வரச் சொல்லுதா. போகட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன். நான் சொன்ன வேகத்தில் அவள் பயந்துபோனாள்.

"ஏன் அத்தை? ஒரு மாசம்தான?"

"அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தேன் என்பது அவளுக்கும் தெரியும்.

அவளிடம் சொல்லாத நான்காவது வேலையை இங்கே சொல்கிறேன்.

பம்பாயில் வேலைக்குப் போகிறவர்கள் ஊருக்குப் போகும்போது இடத்தைச் சும்மா விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். தெரிந்த ஒருத்தியை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். அவள்தான் பத்லி. திரும்பி வந்ததும் பத்லி எழுந்துகொள்ள வேண்டும். எழுத்தில் ஒன்றும் கிடையாது. பாத்திரம் தேய்க்கிற வீடானாலும் வாட்ச்மேன் நாற்காலியானாலும் இதுதான் முறை. எழுந்துகொள்ளாதவளைப் பற்றி எங்கள் சந்தில் பேசுகிற பேச்சை அச்சில் போட முடியாது.

எங்கள் வீட்டில் இருந்து மூன்றாவது வாசல் அக்கா வீடு. சொந்த அக்கா இல்லை, ஆனால் நான் அவளை வேறு பெயரில் கூப்பிட்டதே இல்லை. கணவர் இல்லை, இரண்டு பெண்கள். காலையில் மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் தரை துடைத்துப் பாத்திரம் தேய்ப்பாள். சாயங்காலம் அதே மாட்டுங்காவில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் வேலை. வருகிறவர்களுடைய கேஸ் பேப்பரை, அதாவது டாக்டர் வியாதியும் மருந்தும் எழுதி வைக்கிற தாளை, ரேக்கில் இருந்து எடுத்து, வரிசைப்படி உள்ளே அனுப்ப வேண்டும். அக்காவுக்கு அந்த வேலையில் ஒரே பெருமை, நாற்காலி. "பகல் பூரா குத்தவச்சு குத்தவச்சு முட்டி ரெண்டும் வீங்கிப் போவுதுட்டி. சாயந்தரம் அந்தச் சேர்ல உக்காந்தாத்தான் நானும் ஒரு மனுசின்னு தோணும்" என்பாள்.

நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் மூத்த பெண்ணுக்கு ஊரில் முதல் பிரசவம். ஒன்றரை மாதம் போக வேண்டியிருந்தது. இரண்டு வீடுகளுக்கும் எங்கள் சந்தில் இருந்து இரண்டு பேரைப் பத்லி வைத்தாள். டிஸ்பென்சரிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

போகிற அன்றைக்கு முந்தைய சாயங்காலம் என்னை ரேக்குக்கு முன்னால் நிற்க வைத்துக் காட்டினாள். எல்லாக் கேஸ் பேப்பரின் மேல் ஓரத்திலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு என்றால் சர்க்கரை. பச்சை என்றால் பிரஷர். குழந்தைகளுக்குக் குட்டிக் கறுப்பு. இரண்டு பொட்டு இருந்தால் இரண்டு வியாதி. மேல் தட்டு வடாலா, நடுத் தட்டு ஆண்டாப் ஹில், கீழ்த் தட்டு தாராவி. ஆளைப் பார்த்ததும் அவளுக்கு இடமும் வியாதியும் தெரியும், ஒரே நிறத்துக்குள் பொட்டு ஒட்டிய இடத்தை வைத்து ஆளைப் பிரித்துவிடுவாள், கை நேராக அங்கே போகும்.

"பேரு எழுதியிருக்கேக்கா, அதப் பாத்து எடுக்கலாம்லா?" என்றேன்.

அக்கா டாக்டர் அறையின் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியாதுட்டி. பத்தாவது வரைக்கும் படிச்சேன்னு டாக்டர்ட்ட சொல்லித்தான் சேர்ந்தேன். ஒங்கிட்டத்தான் சொல்லுதேன். இந்தப் பொட்ட மட்டும் எடுத்துறாத, என்ன?"

"எடுக்கமாட்டேன்க்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

டிஸ்பென்சரி எனக்குச் சொர்க்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரே அறைக்குள் ஆறு பேர், கீழே இருந்து தையல் மிஷின் சத்தம். இங்கே மின்விசிறி, டியூப் லைட், மேஜை, நாற்காலி. எட்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும், நான் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். ஒரு வருடம் முழுக்கப் படிக்க முடியாமல் கிடந்த பாடத்தை இரண்டு வாரத்தில் முடித்தேன். எதிரே நூல் பறக்கவில்லை, மடியில் யார் குழந்தையும் இல்லை. இந்த நாற்காலி பரீட்சை வரைக்கும் நமக்கு இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முதலில் சும்மாதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் கூட்டம் அதிகம். பச்சைப் பொட்டுக்குள் ஒருவருடைய பேப்பர் அகப்படவில்லை. டாக்டர் இரண்டு தடவை மணி அடித்துவிட்டார். வெளியே எட்டிப் பார்த்து, "ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? ஆல்ஃபபெட்டிக்கலா அடுக்கிண்டா ஒரு நிமிஷத்துல எடுத்துடலாமே" என்றார்.

மறுநாள் ஞாயிறு. சாவி வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, பெயர்களின் முதல் எழுத்துப்படி அடுக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொட்டு அது பாட்டுக்கு ஓரத்தில் இருந்துவிட்டுப் போயிருக்கும். அடுக்கு மாறினாலும் அக்கா நிறத்தை வைத்து எப்படியாவது தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்திருப்பாள். ஆனால் நான் பொட்டுகளையும் எடுத்தேன்.

அவை லேசில் வரவில்லை. ஸ்டிக்கர் பொட்டு இரண்டு நாளில் உதிர்ந்துவிடும் என்று அக்கா ஒவ்வொன்றுக்கும் அடியில் கோந்து தடவி ஒட்டியிருந்தாள். நகத்தால் சுரண்டினேன். நகம் உடைந்தது. பிறகு டாக்டர் மேஜையில் இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொன்றாக ஊறவைத்துத் தேய்த்தேன். மத்தியானம் வரை ஆனது. அவ்வளவு நேரமும் எனக்குப் புத்தி இருந்தது. பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அக்கா திரும்பி வந்து இந்த ரேக்குக்கு முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தேய்த்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் ரேக்கைப் பார்த்துவிட்டு, "நன்னா பண்ணியிருக்கே" என்றார். அந்த வார்த்தை எனக்கு அன்றைக்கு இனித்தது. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

அக்கா வந்தாள். பேரன் பிறந்திருந்தான். எனக்கென்று காராசேவு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் வேலையை ஒப்படைக்க நானும் அவளோடு போனேன். வழி முழுக்கக் குழந்தையின் மூக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். "ஒரு சின்ன விசயம்க்கா" என்று நான் ஆரம்பித்திருக்க வேண்டும். ஆரம்பிக்கவில்லை.

டிஸ்பென்சரியில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆண்டாப் ஹில் பெரியவர் ஒருவரைப் பார்த்துச் சிரித்து, "சர்க்கர கொறைஞ்சிருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே நடுத் தட்டுக்குக் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. ரேக் முழுக்க வெறும் வெள்ளை. அவள் மேல் தட்டைப் பார்த்தாள், கீழ்த் தட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் ஓரடி எடுத்து வைத்து அந்தப் பேப்பரை எடுத்துக் கொடுத்திருக்கலாம். என் கைக்கு எட்டுகிற தூரம்தான். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தேன். மணி அடித்தது. அக்கா ஏதோ ஒன்றை உருவிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடவில்லை, டாக்டரின் குரல் கேட்டது.

"இது ஒரு லேடியோட பேப்பராச்சே? பேரைப் பார்க்கலையா நீ? எங்கே, வாசி பார்க்கலாம்."

பேப்பரைத் திருப்புகிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா, "கண்ணாடி கொண்டார மறந்துட்டேன் டாக்டர்" என்றாள். அக்காவிடம் கண்ணாடியே கிடையாது.

அதற்குப் பிறகுதான் நான் போய் எடுத்துக் கொடுத்தேன். அன்று முழுக்க நான் எடுத்துக் கொடுத்தேன், அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் அப்படியே ஓட்டினோம். பொட்டு எங்கே என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காம் நாள் அவளே டாக்டரிடம் போய், வீட்டில் முடியவில்லை, இந்தப் பெண்ணே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். டாக்டரும் மறுக்கவில்லை.

சந்தில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அக்கா முந்திக்கொண்டாள். "அது படிக்குத பிள்ள. அங்கன இருந்தா நல்லாப் படிக்கும். நாந்தான் விட்டுக்குடுத்தேன்" என்று வாசல் வாசலாகச் சொன்னாள். என் அம்மா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நாற்காலியில் இருந்துதான் நான் பட்டம் வாங்கினேன். இன்றைக்கு ஆபீஸ், திலக் நகரில் வீடு, அறிவுரை கேட்க வருகிற அண்ணன் மகள், எல்லாம் அதில் இருந்து வந்ததுதான். அக்கா சாயங்காலத்துக்கு மூன்றாவதாக ஒரு வீடு பிடித்தாள். அங்கேயும் குத்தவைத்துச் செய்கிற வேலை. அவள் வருகிற நேரம் எனக்குத் தெரியும் என்பதால் நான் வேறு சந்து வழியாக டிஸ்பென்சரிக்குப் போவேன்.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பால் காய்ச்சினோம். அம்மா அக்காவையும் அழைத்திருந்தாள். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். சோபாவில் உட்காரச் சொன்னேன். ஓரத்தில் உட்கார்ந்தாள். பால் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "காத்து நல்லா வருது" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பவள் மாதிரி, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏட்டி, அந்தப் பொட்டெல்லாம் என்ன ஆச்சு?"

இத்தனை வருடம் கழித்து எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. மன்னித்துக்கொள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"மழக்காலம்லாக்கா... அதுவா உதுந்துட்டு" என்றேன்.

அக்கா பாலைக் குடித்து முடித்தாள்.

"அப்பிடியா? நான் கோந்து வச்சில்லா ஒட்டியிருந்தேன்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். டம்ளரைக் கழுவி வைக்க அவளாகவே சமையலறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.