நாற்பத்து மூன்றாம் எண் விளக்குடன் கும்மிடிப்பூண்டிக்கு

காலை 5.10. திருவள்ளூர் தேரடியில் ஒரு பால் வண்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது. மாசி மாதத்துக் குளிர். சைக்கிள் கைப்பிடியில் மாட்டியிருந்த சிறிய திரை விழித்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு 58 கிலோமீட்டர் என்றது.

பேருந்து இருக்கிறது. சென்ட்ரல் போய் மாறினால் ரயிலும் இருக்கிறது. இரண்டிலும் ஒவ்வொரு முறை கிளம்பிப் பார்த்துவிட்டேன். ஒரு முறை பெரியபாளையத்தில் இறங்கித் திரும்பும் பேருந்தில் ஏறினேன். மறுமுறை சென்ட்ரலில் காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சைக்கிளில் பாதி வழி வந்தவனுக்குப் போவதும் திரும்புவதும் ஒரே பாடுதான். அதனால் அறுபத்தெட்டு வயதில், ஐந்து மாதம் ஊருக்குள் ஓட்டிப் பழகிக்கொண்டு, மிதித்தே போவது என்று முடிவு செய்தேன். இருதயராஜ் என்பவரிடம் பத்தொன்பது ஆண்டுகளாக மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பயணத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

சைக்கிளில் இருந்த கருவிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இருக்கும் என் மகள் மைதிலி அனுப்பியவை. ஹெல்மெட் 5,200 ரூபாய்; நான் விழுந்தால் அதுவே உணர்ந்து, முப்பது விநாடிக்குள் நான் பொத்தானை அழுத்தாவிட்டால் அவளுக்குச் செய்தி அனுப்பும். பின்விளக்கு 13,500 ரூபாய். சிவப்பாக மின்னுவதோடு, பின்னால் வரும் வண்டியை நூறு நூற்றைம்பது மீட்டரிலேயே கண்டுபிடித்து, முன்னாலிருக்கும் திரையின் ஓரத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும். வண்டி நெருங்க நெருங்கப் புள்ளி மேலே ஏறும். திரையின் விலையை அவள் சொல்லவில்லை. நெரிசலான நகரச் சாலைக்காகச் செய்த சாமான்கள் இவை. திருவள்ளூர் பஜார் வீதியில் புள்ளிகள் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் கைபேசியோடு இணைந்தவை. முதல் வாரத்தில் மைதிலி தொலைபேசியில் சொன்னாள்: "லைட் எப்பப் போட்டீங்க, எப்ப அணைச்சீங்கன்னு எல்லாம் இதுல பதிவாகும்பா. போட மறந்துட்டுப் போட்டேன்னு சொன்னீங்கன்னா மாட்டிப்பீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் உடனே பேச்சை மாற்றினேன்.

காரணம், சைக்கிள் பையில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த இன்னொரு பின்விளக்கு. சிவப்பு பிளாஸ்டிக், இரண்டு பேட்டரி போடுவது. அதோடு ஒரு தகர வில்லை. வில்லையில் 43 என்ற எண்.

காலை 6.40, தாமரைப்பாக்கம் கூட்டு ரோடு. பத்தொன்பது கிலோமீட்டர். டீ 12 ரூபாய். ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தேன். அது உருண்டு சிமென்ட் தரையில் விழுந்து, கூவ ஆரம்பித்தது.

"இன்னா நைனா, தொப்பி கத்துது?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா.

"கீழே விழுந்ததுல்ல, அதான்."

"வுழுந்தா கத்துமா? எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கிக் குடு. தெனம் எங்கியாவது வுழுந்துனுதான் கெடக்கறாரு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எந்தப் பொத்தான் என்று நான் தேடி முடிப்பதற்குள் முப்பது விநாடி ஆகிவிட்டது. மைதிலி அழைத்தாள்.

"அப்பா, விழுந்துட்டீங்களா?"

"நான் விழல. ஹெல்மெட்தான் விழுந்தது."

"வீரராகவர் கோயில் வரைக்கும்னு சொன்னீங்க. மேப்புல தாமரைப்பாக்கம் காட்டுது."

இந்தக் கருவிகளோடு ஒருவன் சின்னப் பொய்கூடச் சொல்ல முடியாது. "திரும்பும்போது சொல்றேம்மா. சொல்லாம இருக்க மாட்டேன்," என்றேன். அவள், "தண்ணி குடிச்சுக்கிட்டே போங்க," என்று வைத்துவிட்டாள்.

கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஓடியது. இருபுறமும் நெல் அறுத்த வயல்கள், நடுநடுவே மனை பிரித்து நட்ட மஞ்சள் கற்கள். 8.05-க்குப் பெரியபாளையம். கோயில் தெருவில் வேப்பிலைக் கட்டுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. நாஷ்டா, இட்லி நான்கும் வடையும், 55 ரூபாய். முன்பு நான் இறங்கித் திரும்பிய பேருந்து நிறுத்தம் எதிரேதான் இருந்தது. கை கழுவிவிட்டு உடனே ஏறி மிதித்தேன்.

ஆரணி வரை நிழல் உண்டு. அந்த ஐந்து கிலோமீட்டரில் சொல்லவேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் நான் பணியாளர் அலுவலர். தொழிலாளர்கள் 'பர்சனல் சார்' என்பார்கள். சைக்கிள் நிறுத்துமிடம் கேட்டுக்கு உள்ளே, கரைப்பான் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் இருந்தது. பேட்டரியில் ஓடும் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று நான் விதி போட்டேன். வரும்போது விளக்கைக் கழற்றிக் கேட்டில் உள்ள இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டு வில்லை வாங்க வேண்டும். போகும்போது வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்க வேண்டும். ஷிப்டு கலைந்ததும் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் அறைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தீக்குப் பயந்து செய்த ஏற்பாடு. அதில் தவறில்லை.

ஒரு கார்த்திகை மாதம், மழை நாள். இருதயராஜையும் அவருடைய மனைவியின் தம்பி அந்தோணியையும் கூடுதலாக ஒரு மணி நேரம் இருக்கச் சொன்னவன் நான். பிறகு மழைக்கு முன் ரயிலைப் பிடிக்க ஓடினேன். அவர்களுக்காகக் கேட்டில் கொடுத்திருக்க வேண்டிய சாவி என் கால்சட்டைப் பையில் வந்துவிட்டது. அவர்கள் ஏழரை மணிக்குக் கேட்டுக்கு வந்தபோது பெட்டி பூட்டியிருந்தது. காவலாளி, நாளைக்கு வாங்கிக்கங்க என்று சொல்லியிருக்கிறார். இருதயராஜ் மிதிக்க, அந்தோணி பின்னால் உட்கார்ந்து போனார்கள். தொழிற்பேட்டை வளைவில் பின்னாலிருந்து லாரி. அந்தோணி அங்கேயே இறந்தான். இருபத்திரண்டு வயது. இருதயராஜுக்கு இடது கால் நசுங்கியது.

மறுநாள் காலை செய்தி வந்தபோதுதான் சாவி என் பையில் தட்டுப்பட்டது. யாரும் வருவதற்கு முன் போய்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு விளக்கு. அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குரிய வில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து தொழிற்சாலைக்கு வந்த இருதயராஜின் சட்டைப்பையில் இருந்தது; அதையும் எடுத்தேன். அறிக்கையில் எழுதினேன்: 'சைக்கிளில் பின்விளக்கு இல்லை. பெட்டியிலும் ஒப்படைக்கப்படவில்லை.' ஒப்பந்தக் காவலாளி அந்த வாரமே வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான்.

ஆரணிப் பாலத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தேன். திரை, மீதி இருபது என்றது.

புதுவாயலில் நெடுஞ்சாலை. இங்கே திரையின் ஓரம் ஓயவில்லை. ஒரு புள்ளி ஏறி முடிப்பதற்குள் அடுத்தது. கன்டெய்னர் லாரிகள் தடதடத்துக் கடக்கும்போது சைக்கிள் ஒரு சாண் நகர்ந்தது. ஆனால் ஒன்றுகூட என்னைத் திடுக்கிட வைக்கவில்லை. வருவது முன்பே தெரிந்திருந்தது. அந்தோணிக்கு ஒரு சிவப்பு வெளிச்சம் இருந்திருந்தால் லாரிக்காரருக்காவது தெரிந்திருக்கும்.

11.05, தொழிற்பேட்டை. தொழிற்சாலையின் பெயர் மாறிவிட்டது. சைக்கிள் நிறுத்துமிடத்தைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்திருந்தார்கள். அத்தனை சுலபமான காரியம்; எனக்குத் தோன்றவில்லை. வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களின் சைக்கிள்கள் நூறாவது நின்றன. விளக்கு வைத்தவை நாலைந்துதான்.

அங்கிருந்து அரைக் கிலோமீட்டரில் இருதயராஜின் பஞ்சர் கடை. பழைய சக ஊழியர் ஒருவர் இடம் சொல்லியிருந்தார். தகரக் கூரை, பின்பக்கம் வீடு. நான் இறங்குவதற்குள் அவர் கண் பின்விளக்கில் விழுந்துவிட்டது. காலை இழுத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"இது இன்னா பண்ணும்?"

"பின்னால வர்ற வண்டிய முன்னால காட்டும்."

"டப்பு எவ்ளோ?"

சொன்னேன். "அம்மாடி. இந்த டப்புக்கு நாலு சைக்கிள் வாங்கலாம்," என்று நிமிர்ந்தவர் முகத்தைப் பார்த்தார். "பர்சனல் சாரு."

உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவருடைய மனைவி ஸ்டெல்லா தண்ணீர் கொண்டுவந்தார். நான் உட்காரவில்லை. கைக்குட்டையைப் பிரித்து விளக்கையும் வில்லையையும் அவருடைய வேலைப்பலகையில் வைத்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அதையே எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்த கடிதத்தையும் நீட்டினேன்.

இருதயராஜ் விளக்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டியில வெச்சேன்னு எத்தினி வாட்டி சொன்னேன் சார். தொறந்து பாத்தா காணோம்னாங்க. வில்லை இருக்குதுன்னேன், அதுவும் காணோம். அப்புறம் ஒருநாளு நானே நம்பிட்டேன். ஊட்லியே மறந்துட்டு வந்துட்டேன் போலக்குதுன்னு. பத்து வருசமா அப்டிதான் சொல்லிக்கினு இருக்கறேன்."

ஸ்டெல்லா விளக்கை எடுத்துத் திருப்பினார். பின்புறம் பிளேடால் கீறிய ஒரு 'அ'. "எந்தம்பி மொத சம்பளத்துல மாமாவுக்கு வாங்கினு வந்தது," என்றார் என்னைப் பார்க்காமல். பிறகு பார்த்தார். "இத இத்தினி வருசம் ஊட்ல வெச்சிக்கினு எப்டிய்யா தூங்குன?"

தூங்கினேன் என்பதுதான் உண்மை. பெரும்பாலான இரவுகளில் நன்றாகவே தூங்கினேன்.

கடிதத்தை இருதயராஜ் என் பக்கமே தள்ளினார். "எழுத்து வேணாம் சார். எழுதுனதுலதான் போச்சு. வாயால சொல்லுங்க. எங்கிட்ட இல்ல. கவரப்பேட்டையில எங்க மாமியா இருக்குது. புள்ளைய லைட்டு இல்லாம இட்டுனு போயி கொன்னுட்டேன்னு அது ஊட்டு வாசப்படிய நான் மிதிச்சி பத்தொம்பது வருசமாவுது. இவ மட்டும் போய் வருவா. அங்க வந்து சொல்லுங்க."

"இப்பவே வரேன்," என்றேன்.

"வெயிலு தாழட்டுமே."

"வேண்டாம். இப்பவே."

12.20-க்குக் கிளம்பினோம். நான் முன்னால் சைக்கிளில். அவர் பழைய மொபெட்டில், ஸ்டெல்லாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. காலையில் கடந்து வந்த அதே ஒன்பது கிலோமீட்டர், தெற்கு நோக்கி. சர்வீஸ் ரோட்டில் போக்குவரத்து குறைவு. திரையின் அடியில் ஒரே ஒரு புள்ளி. ஒரே வேகத்தில் பின்தொடரும் வண்டியை இந்தக் கருவி சில சமயம் மறந்துவிடும், புள்ளி மறையும். நான் மேட்டில் திணறும்போது மீண்டும் வரும், கொஞ்சம் ஏறும், அங்கேயே நிற்கும். முந்திப்போக எத்தனையோ இடம் இருந்தது. அவர் முந்தவே இல்லை.

1.10. கவரைப்பேட்டையில் ரயில் பாதைக்கு அருகே ஒரு சிறிய தெரு. இருதயராஜ் தெருமுனையிலேயே மொபெட்டை நிறுத்திவிட்டார். "நான் இங்கியே நிக்கறேன்," என்றார்.

ஸ்டெல்லா கூப்பிட, அந்தோணியின் அம்மா மேரியம்மா வாசலுக்கு வந்தார். எண்பதை நெருங்கிய வயது, கண் நன்றாகத் தெரிகிறது. நின்றபடியே சொன்னேன். பக்கத்து வீட்டு ஜன்னல்களில் ஆட்கள் வந்தார்கள்; குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அவர் ஸ்டெல்லாவிடமிருந்து விளக்கை வாங்கி 'அ' எழுத்தை விரலால் தடவினார். பொத்தானை அழுத்தினார். எரியவில்லை.

"சாவி உன் பாக்கெட்லியா இருந்துச்சி?"

"ஆமாம்மா."

"மறுநாளு தெரிஞ்சிதா உனுக்கு?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறந்தான் எழுதுனியா?"

"ஆமாம்மா."

அவர் என்னைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தார். விளக்கைக் கையில் பிடித்தபடியே அங்கே நடந்தார். மருமகன் முன்னால் போய் நின்றார்.

"இன்னாத்துக்குப்பா வெயில்ல நிக்கற. உள்ள வா."

இருதயராஜ் காலை இழுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். வாசற்படியில் ஒரு கணம் நின்று, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உள்ளே யாரோ அழும் சத்தம் கேட்டது. யார் என்று தெரியவில்லை. என்னை ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன், யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்வதற்காக. கேட்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை அங்கே யாரும் உச்சரிக்கவில்லை, நான் உட்பட.

2.15. புதுவாயல் கூட்டு ரோட்டில் மோர், 20 ரூபாய். திருவள்ளூரில் என் வீட்டில் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டு இப்போது காலி. பத்தொன்பது ஆண்டுகள் அந்தத் தட்டைத் திறக்க வேறு யாரையும் விட்டதில்லை. என் மனைவி இறக்கும்வரை அது ஏனென்று கேட்டதும் இல்லை. இதை நினைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"கவரைப்பேட்டையில நாற்பது நிமிஷம் நின்னிருக்கீங்க. யார் வீடுப்பா அது?" என்றாள் மைதிலி.

சைக்கிளைச் சாலையிலிருந்து இறக்கி ஸ்டாண்டு போட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி, இந்த முறை விழாமல், கைப்பிடியில் மாட்டினேன். பிறகு சாவியிலிருந்து தொடங்கினேன்.