படியில்லாத மணவறை

ஸ்வீடனுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கை துடைக்கிற காகிதத்தின் நிறத்துக்காக மூன்று பெண்கள் அரைமணி நேரம் கவலைப்படுவதைப் போன வசந்தத்தில்தான் பார்த்தேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் காலைக் காபி இடைவேளைக்கு ‘ஃபீகா’ என்று பெயர். என்னோடு வேலை செய்யும் காரினின் மகளுக்குக் கோடையில் கல்யாணம். வெளிர்பச்சையா, சாம்பல் கலந்த பச்சையா என்பதுதான் பிரச்சினை. என் மகள் கயலுக்கும் கல்யாணம், திருச்சியில் என்று சொன்னதும் பேச்சு என் பக்கம் திரும்பியது. “கல்யாணத்தில் நீ எங்கே நிற்பாய்?” என்று காரின் கேட்டாள். மேடையில் நிற்க மாட்டேன், கணவர் உயிரோடு இல்லையே என்றேன். அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷம் கழித்தும் இவ்வளவு துக்கமா என்றாள். துக்கத்தால் இல்லையடி, எங்கள் ஊரில் நான் நிற்கக் கூடாது என்று சொல்ல என்னிடம் ஸ்வீடிஷ் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. துக்கம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதைப் படிக்கிற திருச்சிக்காரர்கள், “இந்தக் காலத்துல அதெல்லாம் யாருங்க பாக்குறா?” என்பீர்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஸ்வீடனில் தினமும் ஒட்டுப்பொட்டு வைத்துக்கொள்கிற நான், விமானம் திருச்சியில் இறங்குவதற்குள் அதை எடுத்துவிடுகிறேன். எடுக்கச் சொல்லி ஒருவரும் சொன்னதில்லை. உறையூரில் என் கல்யாணம் நடந்தபோது அலங்காரம் என்றால் ஜிகினாத் தாள், சீரியல் லைட்டு, வாடகைக்கு வந்த சிவப்பு வெல்வெட் நாற்காலி, அவ்வளவுதான். என்னை வளர்த்த அத்தை, அப்பாவின் தங்கை, கணவரை இழந்தவர். சாமான் அறைக் கதவை ஒருக்களித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டும் நேரத்தில் அந்தப் பக்கம் பார்த்தேன், கதவு சாத்தியிருந்தது. அன்று அது எனக்கு ஒன்றும் வித்தியாசமாகவே படவில்லை. இப்போது நினைத்தால் என்மேல்தான் கோபம் வருகிறது.

மாப்பிள்ளை வீட்டார் துறையூர்க்காரர்கள். அலங்காரமெல்லாம் உங்கள் இஷ்டம் என்றுவிட்டார்கள். கயல் ஒரு பட்டியலோடு திருச்சியில் வந்து இறங்கினாள். பிளாஸ்டிக் பூ கூடாது, மின்னுகிற பெயர்ப்பலகை கூடாது, கண்ணை உறுத்தாத வெளிர் நிறங்கள் மட்டும். அதில் காய்ந்த நாணல் கொத்துகூட இருந்தது. கொள்ளிடக் கரையில் மாடுகூடச் சீந்தாததைக் கொண்டுவந்து மண்டபத்தில் வைப்பதா என்று கேட்டேன். அலங்காரத்துக்குப் பேசியிருந்த பஷீர், பெரியகடை வீதிக்காரர், சிரித்தார். “இப்ப அதுக்குத்தாங்க்கா கிராக்கி. நமக்கே பெங்களூர்லேர்ந்து வருது” என்றார். சரி, நாணல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

பட்டியலின் கடைசி வரிதான் வீட்டை இரண்டாக்கியது. மேடையே வேண்டாமாம். ஸ்ரீரங்கத்து மண்டபத்தின் மேடையைத் திரை போட்டு மூடிவிட்டு, மணவறையைக் கூடத்தின் நடுவில் தரையோடு தரையாக அமைத்து, சுற்றி வட்டமாக நாற்காலி போட வேண்டுமாம். கன்னிகாதானம் செய்து கொடுக்கப்போகிறவர்கள் என் அண்ணனும் அண்ணியும். “மேடை இல்லாம ஒரு கல்யாணமா? பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு என்ன தெரியும், பொண்ணோட ஜடையா?” என்றார் அண்ணி. நியாயமான கேள்விதான். “போன்ல பாத்ததையெல்லாம் இங்க வந்து செஞ்சா ஊரே சிரிக்கும்டி” என்று நானும் கத்தினேன்.

“சிரிக்கட்டும்மா. மத்ததெல்லாம் நீங்க சொல்றபடி செய்யுங்க. படி மட்டும் வேண்டாம்” என்றாள் கயல். காரணம் சொல்லவில்லை. வெளிநாட்டில் வளர்த்த கோளாறு என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முகூர்த்தத்தன்று பந்தியைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் சாப்பாட்டுக் கூடத்திலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சாம்பாரில் உப்பு சரியா என்று மூன்றாவது முறை கேட்டுக்கொண்டிருந்தபோது பஷீர் வந்தார்.

“அக்கா, உங்க சேர் காலியா கெடக்கு. வாங்க.”

எந்தச் சேர் என்று கேட்டபடி பின்னால் போனேன். வட்டத்தின் முதல் வரிசையில், மணவறைக்கு ஒரு முழம் தள்ளி, ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. மற்றதுக்கெல்லாம் பூ இல்லையா என்றேன்.

“பாப்பா இதுக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. மொத நாளே சொல்லிருச்சுக்கா. எங்கம்மா மேடை ஏற மாட்டாங்க, அதனால நாங்க இறங்கிக்கறோம்னு.”

அவளோடு பேசாமல் இருந்த அந்த இரண்டு நாள் நினைவுக்கு வந்தது. போய் உட்கார்ந்தேன். சிலர் என்னைப் பார்த்தார்கள், பிறகு நாணலைப் பார்த்தார்கள். கயல் தலையைத் திருப்பி, அழுதுவிடாதே என்பதுபோல் என்னை முறைத்தாள். அவ்வளவு பக்கத்தில் இருந்தாள், கை நீட்டினால் அவள் தோளைத் தொட்டுவிடலாம்.

தேங்காய்மேல் தாலியை வைத்த தட்டை ஏந்திக்கொண்டு, பெரியவர்கள் தொட்டு ஆசி கொடுப்பதற்காக அண்ணி வட்டமாக வந்தார். சுமங்கலிகள் ஒவ்வொருவராகத் தொட்டார்கள். என்னைத் தாண்டிப் போய்விடுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். போய்விட்டால் தேவலை என்றுகூட இருந்தது. அரக்குப் பட்டுப்புடவை என் முழங்காலுக்கு எதிரே வந்து நின்றது, நகரவில்லை.

“வேண்டாம் அண்ணி” என்றேன்.

“தொடு மாலதி. எனக்குக் கை வலிக்குது.”

வலது கை தாலியைத் தொட்டது. இடது கை மட்டும், எந்த நிமிஷமும் எழுந்து போய்விடத் தயாராக, நாற்காலியின் பிடியை விடவே இல்லை.