ஜெசிந்தா அண்ணியின் சீஸ் பிஸ்கட்

போன வாரம் மதியச் சாப்பாடு முடிந்ததும், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்தார். அவர் மகள் வீட்டிலேயே சுட்டதாம். "எடுத்துக்குங்க சார், இனிப்பு இல்ல, சீஸ் பிஸ்கட்டு" என்று நீட்டினார். மூடி திறந்து அந்த வாசனை வந்ததும் எனக்குக் கை நீளவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனேன். ஏற்கெனவே கழுவிய கைதான்.

அந்த வாசனையை நீங்கள் அறிவீர்களோ என்னவோ. பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீயப் போகுமே, அதற்குச் சற்று முந்தைய மணம். கூடவே வெண்ணெயும் மிளகும். திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் அண்ணன் வீட்டில்தான் முதன்முதலாக அது என் மூக்கில் ஏறியது. அப்போது எனக்குப் பக்கத்து ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலை. அறுவடைக் காலத்தில் மட்டும் இருக்கிற வேலை. என் ஊரான பூதலூரிலிருந்து வந்து போவது சிரமம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். சிரமம் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் ஜெசிந்தா அண்ணியின் சமையல்.

சாயங்காலம் உடம்பெல்லாம் அரிக்கும் நெல் தூசியோடு வந்து நிற்பேன். "சுணையோட உள்ள வராத தம்பி. குளிச்சிட்டு வா, தட்டு எங்கயும் ஓடிப்போகாது" என்பார் அண்ணி. குளிக்கிறேன் என்ற பெயரில் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஓடி வருவேன். சீஸைத் துருவி, மைதாவும் வெண்ணெயும் மிளகும் கொஞ்சம் ஓமமும் போட்டுப் பிசைந்து, சப்பாத்திக் கட்டையில் தேய்த்து, டிபன் பாக்ஸ் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டிக் கரண்டு ஓவனில் வைப்பார். வெட்டியது போக மிஞ்சும் மாவை நான் பச்சையாகவே தின்று திட்டு வாங்குவேன்.

ஏதோ டிவி நிகழ்ச்சியில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். டிவியில் இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் கரண்டுக்கு அதெல்லாம் தெரியுமா? குறுவைப் பயிருக்கு வயல் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் வீட்டு பல்பு அகல்விளக்காகிவிடும். ஓவன் சில நாள் சூடாகவே ஆகாது, சில நாள் கொதித்துவிடும். அதனால் அண்ணி கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. ஓவன் பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். திடீரென்று மூக்கை நிமிர்த்துவார். "ஆச்சு" என்று கதவைத் திறப்பார். ஒரு தடவைகூடத் தீய்ந்ததில்லை.

"நெல்லு வெளையுற ஊர்ல மைதாவச் சுடுறா பாரு உங்க அண்ணி" என்று கேலி செய்வது அண்ணன்தான். ஆனால் ஒரு சம்படம் நிறையத் தன் உரக்கடைக்கு எடுத்துப் போய்விடுவார். உரம் வாங்க வருகிறவர்களுக்கு டீயோடு அதையும் கொடுப்பார். ஒரு பெரியவர் கடித்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, புளிச்ச மோர் வாடை அடிக்குது" என்று முகம் சுளித்தார். சுளித்த முகத்தோடேயே இன்னொன்றை எடுத்தார். அண்ணன் அதை நடித்துக் காட்ட, அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்களுக்குக் கல்யாணமாகி மகள் கல்லூரிக்குப் போய்விட்ட காலம் அது. அப்போதும் அப்படித்தான் இருந்தார்கள்.

பிறகு அந்தக் கொள்ளை நோய்க் காலம் வந்தது. முதலில் அண்ணனுக்குக் காய்ச்சல், அடுத்து அண்ணிக்கு. அண்ணனுக்கு மூச்சு வாங்கவே ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். அண்ணி எழுந்து வாசல்வரை வர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாத்திரைய மறக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணன் திரும்பி வரவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினோம். அண்ணி காய்ச்சலோடு வீட்டில் கிடந்தார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

காய்ச்சல் விட்டபோது அண்ணிக்கு வாசனையே தெரியாமல் மூக்கு போயிருந்தது. சோறு அடிப்பிடித்துக் கரிந்து, பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. டாக்டர், "வந்துரும்மா, சில பேருக்கு லேட்டாகும்" என்றார். காப்பித்தூள், கிராம்பு, சாம்பிராணி என்று அண்ணி காலையும் மாலையும் முகர்ந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து எனக்குப் போன் செய்தார். "பிஸ்கட்டு போடப்போறேன், வா. நான் மாவு பிசையிறேன், நீ மோந்து சொல்லு."

போனேன். ஓவன் முன்னால் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்.

"இப்ப என்ன வாசனை வருது?"

"வெண்ணெய் அண்ணி."

"இப்ப?"

"மாவு."

"பச்ச மாவா, வெந்த மாவா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "இந்த மூக்க வச்சுக்கிட்டா நெல்லு பாத்த?" என்றார். அண்ணன் போன பிறகு அவர் கேலியாகப் பேசி அன்றுதான் கேட்டேன். அதற்குள் பிஸ்கட் ஓரமெல்லாம் கருகிவிட்டது. ஒன்றைக் கடித்து வெகுநேரம் மென்றார். "உப்பு தெரியுது. அவ்வளவுதான்."

அப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றுதான் இத்தனை பிடிவாதம் என நினைத்தேன். நான் எப்போதுமே கொஞ்சம் மந்தம்.

ஒரு நாள் ஓவனை அணைத்துவிட்டு அண்ணி உள்ளே போனார். பீரோவிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து வந்தார். வாய் இறுகக் கட்டியிருந்தது. உள்ளே கோடு போட்ட சட்டை ஒன்று.

"உங்க அண்ணன் கடசியா கடைக்குப் போட்டுட்டுப் போனது. தொவைக்காம வச்சிருக்கேன். மூக்கு திரும்புனதும் பிரிக்கலாம்னு இருந்தேன்." முடிச்சை அவிழ்க்க அவருக்கு நேரமெடுத்தது. "சீஸ் வாசனை வந்துட்டா இதுவும் வந்துரும்னு நெனச்சேன். இனிமே எனக்கு வராது தம்பி. நீ பாரு. அவரு வாசன இருக்கா?"

அண்ணனிடம் எப்போதும் வேப்பம்புண்ணாக்கும் பவுடரும் வியர்வையும் கலந்த ஒரு மணம் இருக்கும். பஸ் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டே அவரைக் கண்டுபிடித்துவிடலாம். சட்டையை முகத்தில் வைத்தேன். பிளாஸ்டிக் வாடை. மக்கிய துணி வாடை. காலரில் தேடினேன், கக்கத்தில் தேடினேன், பையைத் திருப்பித் தேடினேன். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கா?"

"இல்ல அண்ணி."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

அண்ணி சட்டையை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தார். நான் போய் நின்றபோது, "வெயில் இருக்கும்போதே காஞ்சிரும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஓவனைத் தொடவில்லை. அண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணி ஓசூரில் மகளோடு இருக்கிறார். மாதம் ஒரு முறை பேசுவேன். "சாப்பிட்டீங்களா?" என்பேன். "சாப்பிட்டேன்" என்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்பதில்லை.

எனக்கு மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. உரக்கடைகளைத் தாண்டும்போது சில சமயம் நின்று பார்க்கிறேன். புண்ணாக்கு தனியாக வருகிறது, வியர்வை தனியாக வருகிறது. அண்ணன் வரவில்லை.