வலியைக் காட்டுவதற்காகப் பொடியை நிறுத்தினேன்

குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டிருக்கிற உங்கள் எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டு இதைச் சொல்கிறேன். போன புரட்டாசியில் நான் செத்திருக்க வேண்டியவள். இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்து வாயாடுகிறேன் என்றால், அது அவள் போட்ட பிச்சை.

என் பெயர் பேச்சியம்மாள். ஆழ்வார்திருநகரிப் பக்கம் வாழைத் தோட்டங்களில் இலை அறுத்துக் கட்டுகிற வேலை. குனிந்தே கிடக்கிற பிழைப்பு. ஒரு நாள் இலைக்கட்டைத் தூக்கும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. அதன் பிறகு விடவே இல்லை. இடது காலில் விரல்வரை எரியும். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு வீட்டில் என் பேச்சு எடுபடாமல் போயிற்று. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, எங்களோடுதான் இருக்கிறார். "படத்துல ஒண்ணுமில்லன்னுட்டாவ. இவளுக்கு மட்டும் எங்கன வலிக்குதாம்?" என்று என் காதுபடவே சொல்வார். வீட்டுக்காரர் மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார். வலியைக்கூடப் பொறுத்தேன், அது எனக்கு ஆறவே இல்லை.

சந்தைக்கு வருகிற ஒருவர் மூட்டுவலிப் பொடி விற்றார். வெறும் பச்சிலைதான் என்றார். காலையில் ஒரு சிட்டிகை, வெந்நீரில். மறுநாளே வலி அடங்கியது. ஒரு வருஷம் போல விடாமல் சாப்பிட்டேன். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு வந்தது. "அம்மன் கண்ணத் தொறந்துட்டா, நல்லா சதை போட்டுட்டியே" என்று தெருவே சொன்னது. எனக்கும் பெருமைதான். ஆனால் கையும் காலும் குச்சியாகிக்கொண்டிருந்தன. வாழை மட்டை லேசாக உரசினாலே தோல் கருநீலமாகக் கன்றியது. குளித்து முடித்ததும் சேலையை இழுத்து அதை மூடிக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பேச்சு கேட்க வேண்டும்.

கொஞ்ச நாளில் பொடிக்கும் வலி பாதிதான் கேட்டது. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா, "வலிக்குன்னே தனியா டாக்டர் இருக்காரு, அவரைப் பாருங்க" என்று அனுப்பினார். புரட்டாசியில் நாள் கொடுத்தார்கள். எனக்குத் தூக்கம் போனது. அவரும் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? அதன் பிறகு நான் எங்கே போவேன்?

அதனால் ஒரு யோசனை செய்தேன். பொடி சாப்பிட்டுவிட்டுப் போனால் பாதி வலி மறைந்திருக்கும். முழு வலியோடு போனால்தானே நம்புவார்? தசராவுக்கு மாலை போட்ட கையோடு, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பொடியை அடியோடு நிறுத்தினேன். "அம்மா, என் வலி நெசம்னு அந்த டாக்டர் வாயால சொல்ல வை" என்று தினமும் விளக்கு முன்னால் அழுதேன்.

இரண்டு மூன்று நாளில் உடம்பு என் வசத்தில் இல்லை. எழுந்தால் கண் இருட்டும். கஞ்சி இறங்காது. இறங்கினாலும் வாந்தி. "வெரதத்துல சாமி சோதிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்றார் மதினி. நானும் நம்பினேன். வலி நன்றாக வந்திருக்கிறதே, டாக்டருக்கு எடுப்பாகத் தெரியுமே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. என் புத்தியை எதால் அடிப்பது!

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம். பூஜைக்கு எழுந்தேன். முழங்கால் மடங்கியது. உடம்பெல்லாம் நடுங்கிச் சரிந்தேன். மதினி குலவை போட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். "ஆத்தா எறங்கிட்டா!" நெற்றி நிறையத் திருநீறு. தலையில் மஞ்சள் தண்ணீர். "வந்திருக்கது யாரு தாயீ? வாய் தொறந்து சொல்லு."

எல்லாம் எனக்குக் கேட்டது. நாக்குதான் எழவில்லை. நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. சுற்றி நின்றவர்களோ என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரிப் பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. "அம்மா, நீ என் மேல வரலைன்னு ஒனக்குத் தெரியும். இது என்னன்னு தெரிஞ்ச யாரையாவது அனுப்பு" என்று மனசுக்குள் கதறினேன்.

போன் அடித்தது. வீட்டுக்காரர் எடுத்து, பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். வலி டாக்டரிடம் வேலை பார்க்கிற நர்ஸ்.

"நாளைக்கு வாரீங்கல்லா? சாப்பிடுத மருந்து எல்லாத்தையும் மறக்காம எடுத்துட்டு வாங்க."

"சந்தையில வாங்குன பொடிதாம்மா தின்னா. டாக்டர்ட்ட வலியக் காட்டணும்னு அதையும் நிறுத்திட்டா. இப்பம் அவ மேல சாமி வந்திருக்கு, பொறவு பேசுதேன்."

"இருங்க, வச்சிராதீங்க. ரொம்ப நாளா தின்னாங்களா? முகம் உப்பியிருக்கா? வாந்தி உண்டா?"

ஆமா, ஆமா என்றார் இவர்.

"அண்ணாச்சி, அது சாமி இல்ல. நாளைக்கு வராதீங்க. இப்பமே அவசரப் பிரிவுக்குத் தூக்கிட்டுப் போங்க. அந்தப் பொடியையும் கொண்டு போங்க. தாமசிச்சா ஆள் தங்காது."

"சாமியப் பழிக்கவளா இவ!" என்று மதினி கத்தினார். அறை முழுக்கச் சத்தம். வீட்டுக்காரர் என் பக்கத்தில் குனிந்தார். இத்தனை காலத்தில் ஒரு நாளும் கேட்காததைக் கேட்டார்.

"ஏளா, ஒனக்கு என்ன செய்யுது?"

"செத்துருவேன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர் நம்பினார். கூட்டத்தை விலக்கி என்னைத் தூக்கிக்கொண்டுபோய், தான் ஓட்டுகிற லோடு ஆட்டோவில் படுக்க வைத்தார்.

ஆஸ்பத்திரியில் நாடி பிடித்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. உடனே சலைன், ஊசி. அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, உடம்பு அதற்குப் பழகிவிட்டது, பையப் பையக் குறைக்க வேண்டியதை ஒரே நாளில் நிறுத்தினால் உயிரையே வாங்கிவிடும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் முடிந்திருக்குமாம்.

தேறி எழுந்த பிறகு வலி டாக்டரிடம் போனோம். மதினியும் வந்தார். டாக்டர் படத்தைத் தொடவே இல்லை. என்னைப் படுக்க வைத்து இடது காலை மெல்ல உயர்த்தினார். அலறிவிட்டேன். "நரம்பு எரியுதும்மா. எல்லாம் படத்துல தெரியாது. உங்க வலி நெசம்தான்" என்றார். நான் அழுத அழுகையில் அவரே திகைத்துப்போனார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

வலி முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. இப்போது உட்கார்ந்து செய்கிற வேலைதான் எனக்கு. பொடிக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டர் சொன்னபடி பையப் பையக் குறைத்து வருகிறேன். விளக்கேற்றாமல் ஒரு பொழுதும் இல்லை.

முத்தாரம்மனை நம்பிக் கேளுங்கள், பிள்ளைகளே. ஆனால் அவள் எந்த வழியாக வருவாள் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அன்றைக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது சத்தியம். என் மேல் வரவில்லை. அத்தனை குலவைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு மனிதர் குனிந்து, "ஒனக்கு என்ன செய்யுது" என்று கேட்டாரே, அதில் வந்தாள்.