பாயாவும் கிளைசினும்

என் மகளுக்குப் பதினைந்து மாதம் முடிந்தும் நடை வரவில்லை. சுவரைப் பிடித்து நிற்பாள். கையை விட்டதும் உட்கார்ந்துவிடுவாள். எண்பதுகளின் தொடக்கம் அது. செங்கம் சாலையில் குடியிருந்தோம். பக்கத்துப் போர்ஷனில் ஒரு முஸ்லிம் அக்கா, ஐந்து பிள்ளை பெற்றவர்.

"நாலு நாளு பாயா குடு. அஞ்சாம் நாளு ஓடுவா, புடிக்கத்தான் ஆள் வெக்கணும்" என்று ஒரு டம்ளர் ஆட்டுக்கால் சாற்றைத் தட்டு போட்டு மூடிக் கொடுத்தார்.

நாங்கள் சைவம். மாமியார் பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். கொடுத்தால் அவருக்குத் துரோகம், கொடுக்காவிட்டால் குழந்தைக்கு. நான் யோசித்து முடிப்பதற்குள் பாயா ஆறி, கூழ்போல உறைந்துவிட்டது.

உறைந்ததைப் பார்த்ததும் ஜெலட்டின் நினைவுக்கு வந்தது. பெட்டியைத் திறந்து பி.எஸ்ஸி. நோட்டைத் தேடினேன். கொதித்தால் ஜெலட்டினாக மாறுவது கொலாஜன்; எலும்பையும் தசைநாரையும் தாங்கும் அந்தக் கொலாஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் அமினோ அமிலம் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. இத்தனை நாள் இதையா கொடுக்காமல் விட்டேன்?

பக்கத்தைத் திருப்பினேன். உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் அமினோ அமிலங்களின் பட்டியல். அதில் கிளைசின்! சாப்பாட்டில் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. பருப்பும் பாலும் சாப்பிடுகிறாள். அதைக் கொண்டு அந்தச் சின்ன உடம்பு தனக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறது! தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரி, உயிரும் உடலுமாக என் மடியில் உட்கார்ந்து நோட்டைக் கிழிக்கப் பார்த்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

டம்ளரோடு ஓடினேன். "அக்கா, வேணாங்க. இதுல இருக்கறத அவ உடம்பே செஞ்சுக்குதாம்!"

"முழுசா ஆறு பல்லு இல்ல, அதுக்குள்ள சமைக்கிறாளா? காலேஜு படிப்பு ஜாஸ்தியாயிடுச்சு ஒனக்கு" என்று சிரித்துவிட்டு, பாயாவைச் சூடாக்க எடுத்துப் போனார்.

அதன்பின் மூன்று வாரம் அவள் விழும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம். மாமியாருக்குப் பயந்துதான் திருப்பிக் கொடுத்தேனோ? நோட்டு வெறும் சாக்கோ?

ஒரு மத்தியானம் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாளியைப் பிடித்திருந்தவள் கையை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. எதிரே குடத்தோடு நின்ற அக்காவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"உண்மைய சொல்லு. எனக்குத் தெரியாம எங்கியாச்சும் பாயா வாங்கி குடுத்தியா?" என்றார் அக்கா.

"சத்தியமா இல்லக்கா!"

உள்ளேயிருந்து மாமியார், "என்னடி கூச்சல்?" என்றார்.

"அத்தை, வாங்க! நடக்கிறா!"

அவர் வருவதற்குள் மகள் மறுபடி கிளம்பிவிட்டாள். சோப்புக் கைகளை இரண்டு பக்கமும் அணைபோல நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.