இரண்டடி தள்ளிய சுவர்

அந்தப் பள்ளி மைதானத்தில் ஓட்டப் பந்தயத்துக்கும் கால்பந்துக்கும் கோடு போடுகிற வேலை அவருடையது. முப்பது வருஷமாகச் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளியதில் பேரே கோட்டண்ணன் ஆகிவிட்டது. கோடு கொஞ்சம் கோணினாலும் அவருக்கு அன்று சோறு இறங்காது. வாய் மட்டும் அவ்வளவு நேர் கிடையாது. நன்றாகக் கயிறு திரிப்பார்.

அவர் திரித்ததில் பெரிய கயிறு, அவர் வளர்ந்த வீடு. மைதானம் இருக்கும் இடத்தில் முன்பு ஆலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருபத்திரண்டு இருந்தன. "அதுலயே பெரிய வீடு நம்மளுதுதான். ஏழு பேரும் கையைக் காலை நீட்டிப் படுப்போம்" என்று மகளிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அவளும் அதை அப்படியே நம்பி, தன் சாரணியர் அணி முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள்.

வினை அங்கேதான் வந்தது. ஊர்க்கதை நாள் ஒன்றை அந்த மைதானத்திலேயே நடத்த சாரணியர் ஆசிரியை முடிவு செய்தார். ஞாயிறு காலை பிள்ளைகளும் குடும்பங்களும் கூடுவதாக ஏற்பாடு. விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஆலோசனை நடந்தது. ஒருவர் மேடை என்றார், இன்னொருவர் மைக் என்றார்.

"மைக் கையில கெடைச்சா நம்ம பெரியவங்க விடுவாங்களா? பிள்ளைங்க பந்தைத் தூக்கிட்டு ஓடிடும்" என்று ஆசிரியை இரண்டையும் தள்ளினார். "அண்ணே, வீடுங்க இருந்த எடத்துலயே, அதே அளவுல கோடு போட்டுருங்க. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் ஒரு பிள்ளை நின்னு அந்த வீட்டுக் கதையைச் சொல்லட்டும். உங்க வீட்டுக்கு உங்க மகதான்."

பழைய வரைபடத்தின் நகலையும் கையில் கொடுத்தார். எல்லா வீடும் ஒரே அளவு. அகலம் எட்டடி, நீளம் ஒன்பதடி. கோட்டண்ணன் நகலை அவசரமாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார். ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் மகள் நின்று அசடு வழியப் போகிறாள். அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

சனிக்கிழமை காலை இருபது வீடுகளுக்கு வரைபடம் சொன்னபடி கோடு போட்டார். தன் வீடு வந்ததும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பொதுச் சுவரை இரண்டடி தள்ளிப் போட்டார். அந்தப் பக்கம் தையல்கார அக்காவின் வீடு.

மாலையில் ஒத்திகை. தன் வீட்டைப் பார்க்கத் தையல்கார அக்காவும் வந்திருந்தார். வாசல் கோட்டைத் தாண்டி உள்ளே போனவர் அங்குமிங்கும் திரும்பிப் பார்த்தார்.

"ஏண்டா தம்பி, இங்க கட்டில், இங்க மிஷின். இதைப் பாத்தா நான் சுவத்துக்குள்ள உக்காந்துல்ல தைச்சிருக்கணும்?"

"ரொம்ப வருஷமாச்சுல்லக்கா, மறந்திருப்பீங்க" என்று சமாளித்தார். அக்கா முறைத்தார்.

மகள் தன் சாரணர் கோலைக் கோட்டின் மேல் போட்டு நகர்த்தினாள். கோலில் அடிக்கு அடி கறுப்பு வளையம் இருந்தது. போன வருஷம் எல்லாக் கோலுக்கும் அந்த வளையங்களைத் தீட்டிக் கொடுத்தவரே கோட்டண்ணன்தான். பதற்றத்தில் அது மறந்துபோயிருந்தது.

"அப்பா, நம்ம வீடு பத்து வருது. அத்தை வீடு ஆறுதான்."

வசமாக மாட்டிக்கொண்டார். துடைப்பத்தை எடுத்துக் கோட்டை அழித்தார். நாடா பிடித்து எட்டடியில் புதிதாகப் போட்டார். அவமானமாகத்தான் இருந்தது.

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவளோ தன் அணியைக் கூப்பிட்டு வீட்டுக்குள் படுக்கச் சொன்னாள். அடுப்புக்கும் பெட்டிக்கும் இடம் விட்டு, ஆறு பேர் நெருக்கியடித்துப் படுத்தார்கள். அப்புறம் கால் வைக்கவும் இடமில்லை.

"ஏழு பேருன்னீங்களேப்பா. நீங்க எங்க படுப்பீங்க?"

வாசல் கோட்டுக்கு வெளியே கைகாட்டினார். "அங்க. மழை வந்தா மட்டும் உள்ள வந்து உக்காந்துக்குவேன்."

"விடியக்காலம் தண்ணிக்குப் போறப்ப இவனைத் தாண்டித்தான் போவோம்" என்றார் அக்கா.

மகள் கோலைக் கீழே வைத்துவிட்டு, அந்த வெறும் மண்ணில் போய்க் காலை நீட்டிப் படுத்தாள்.

"சுத்திக் கோடு போடுங்கப்பா. நாளைக்கு நான் இங்க நின்னுதான் பேசுவேன்."

கோட்டண்ணன் வண்டியைத் தள்ளினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில் கோடு கோணலாகத்தான் விழுந்தது. அவர் அதை அழிக்கவில்லை. அன்று சோறும் நன்றாகவே இறங்கியது.