பல் கட்டுகிறவளின் பதினைந்தாவது கதை

"அவன் விரல் அவள் விரலைத் தொட்டும் தொடாமலும் நின்றது, கமா, அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது, புள்ளி. மாமா, வாயை இன்னும் கொஞ்சம் திறங்க. புது பாரா."

பல் டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குத்தான் கதை. எனக்கு வாய் திறக்கிற உத்தரவு மட்டும். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை அவளுக்கு வேலை இப்படித்தான் ஓடும். ஒரு கையில் மெழுகுக் கத்தி, மறு கையில் யாருடைய தாடை அச்சாவது இருக்கும். கை முழுக்க அச்சு மாவும் மெழுகும் அப்பியிருப்பதால் எழுத முடியாது. "வாய் சும்மாதானே மாமா இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே பதினாலு தொடர்கதை முடித்துவிட்டாள். நடப்பது பதினைந்தாவது.

என் பெரியப்பாவின் பேரன் கட்டியது இவளுடைய ஒன்றுவிட்ட அக்காவை. அந்த வழியில் எனக்கு மருமகள் முறை. இவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தாவும் என் சின்ன மாமனாரும் ஒரே வருஷத்தில் பல் கொட்டியவர்கள் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இவளுக்கு வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. மாடியில் பல் டாக்டர், கீழறையில் இவள். "அவர் எடுப்பார், நான் வைப்பேன். எங்களுக்குள்ள சண்டை வந்தா உங்களுக்குத்தான் பொக்கை" என்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு அத்தியாயம் போனில் வெளியாக வேண்டும். படிக்கிறவர்கள் நாலாயிரம் பேருக்கு மேல். ஒரு வாரம் தவறினால், "அக்கா, உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். அக்கறை இவள் உடம்பின் மேல் இல்லை, கதாநாயகன் வாயைத் திறந்தானா இல்லையா என்பதில்தான்.

பதினாலும் ஒரே மாதிரிக் கதைதான். ஆணும் பெண்ணும் வெகுநாள் சிநேகிதம். கிண்டல், சண்டை, ஒரே குடையில் நடை, ஒருவர் காய்ச்சலுக்கு இன்னொருவர் மாத்திரை. இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் அவன் சொல்லிவிடுவான். எப்போதும் அவன்தான் சொல்வான். பெண்பிள்ளை ஒரு கதையிலும் வாய் திறந்ததில்லை. ஏனம்மா என்று ஒருநாள் கேட்டேன்.

"அவ சொல்லி, அவன் இல்லைன்னுட்டா? புருஷன் இல்லாம இருந்துடலாம் மாமா. சிநேகிதனும் போயிட்டா, புருஷன் இல்லைங்கறதை யார்கிட்ட போய்ச் சொல்லி அழறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கையிலிருந்த கடைவாய்ப் பல்லைத் தலைகீழாக வைத்துவிட்டாள்.

இவள் சொல்வதை உட்கார்ந்து எழுத்தாக்குகிறவன் எதிர்க்கடைக் கண்ணாடிக்காரன். மூக்குக் கண்ணாடிக் கடை, நாற்பத்தொரு வயது, கட்டை உருவம். பதினோரு வருஷமாக, ஒரு மணிக்குக் கடைக்கதவை ஒருக்களித்துவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு இவள் அனுப்பிய குரலைக் கேட்டுக் கேட்டுத் தட்டுவான். இவள் அவனை "கண்ணாடி" என்பாள், அவன் இவளை "பல்லு" என்பான்.

"உன் ஹீரோ எல்லாம் ஏன் பல்லு, ஆறடியாவே இருக்கான்? நாங்கல்லாம் எங்க போறது?"

"நீ வேணும்னா வில்லனா வாடா. வில்லனுக்கு உயரம் கேக்க மாட்டாங்க."

நடுநடுவே நோயாளிகளிடம் இவள் பேசுவதையெல்லாம் களைந்துவிட்டுக் கதையை மட்டும் பிரித்து எடுப்பது அவன் பொறுப்பு. ஒரே ஒருமுறை கோட்டை விட்டான். ஆறாவது கதையில், நிலா வெளிச்சத்தில் கதாநாயகியின் முகத்தை ஏந்திக்கொண்டு, "ஜில்லுன்னு தண்ணி குடிச்சா கூசுதா?" என்று கதாநாயகன் கேட்டுவிட்டான். எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று வாசகர்கள் உருகிவிட்டார்களாம். அன்றிலிருந்து சந்தேகம் வந்தால், "இது கதைக்கா, ஆளுக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் தட்டுவான்.

அவன் உனக்கு என்னம்மா வேணும் என்று யார் கேட்டாலும், "எதிர்க்கடை" என்பாள். நாலு தலைமுறை உறவை மூச்சு விடாமல் சொல்கிற எனக்கே இவர்களை எந்த முறையில் சேர்ப்பது என்று தெரிந்ததில்லை.

போன புதன்கிழமை என் அளவெடுப்புக்குப் போயிருந்தபோது அவன் வழக்கம்போல் விசாரிக்காமல் உள்ளே வந்து, இவள் தம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னான்: "அக்கா ஒரு பொண்ணு பார்த்திருக்கா பல்லு. டீச்சராம். ஞாயித்துக்கிழமை போகணும். நீயும் வந்துடு. நீ பார்த்து சரின்னாதான் சரி."

"வரேனே. பல் வரிசை எப்படின்னு பார்த்துச் சொல்றேன்" என்றாள். அவன் போன பிறகு எனக்கு வைத்த முன்பல் மூன்றும் கோணல். மெழுகை உருக்கி மறுபடி வைத்தாள். மறுபடியும் கோணல்.

"நாளன்னைக்கு வாங்க மாமா. இன்னைக்குக் கை சரியில்ல."

அந்த நாளன்னைக்குத்தான் இந்த வெள்ளிக்கிழமை. முதலிலிருந்து அளவெடுக்க, மெழுகு வளையம் இரண்டையும் வாயில் வைத்து, கெட்டியாகும்வரை கடித்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தாள். அத்தியாயத்தை முடித்தாள். "தொடரும்" என்று சொல்லிவிட்டு, அனுப்புகிற இடத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். மெழுகு ஒட்டிய முட்டியைப் போன் மதிக்கவில்லை. குரல் பதிவாகிற சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தது. நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தனக்குத்தானே பேசினாள்.

"வேற ஒருத்தியைப் பார்க்கப் போறானாம். நான் கூடப் போயி நல்லா இருக்கான்னு சொல்லணுமாம். எனக்கு நீ வேணும்டா. இதையும் நீயே தட்டு, போ."

நான் "ம்ம், ம்ம்" என்றேன். வாய் நிறைய மெழுகை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்ல?

"வலிக்குதா? இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். போனைப் பார்த்தாள். "இன்னும் போகலையா சனியன்" என்று சுத்தமான விரலால் ஒரு தட்டு. போய்விட்டது. அதற்கப்புறம்தான் பதிவு எத்தனை நிமிஷம் ஓடியிருக்கிறது என்பது அவள் கண்ணில் பட்டது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். என் வாயிலிருக்கும் மெழுகை மறந்தே போனாள். நானேதான் எடுத்தேன்.

"அழிச்சிடும்மா" என்றேன்.

"அழிச்சேன்னு போனே காட்டிக் குடுத்துடும் மாமா. என்ன அழிச்சேன்னு வந்து நிப்பான். அவன்கிட்ட எனக்குப் பொய் வராது." போனைத் திருப்பிப் பார்த்தாள். "பத்தொன்பது நிமிஷம். கடைசியிலதான் அது இருக்கு. பாதியில வாடிக்கை யாராவது வந்துட்டா கேக்காம விட்டுடுவான், இல்ல?"

கட்டாயம் விட்டுடுவான் என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஒரு மணி அடித்தது. குறுகலான தெரு. அவன் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதெல்லாம் இங்கிருந்தே தெரியும். ஒயரை மாட்டினான். தட்ட ஆரம்பித்தான். நடுவில் சிரித்தான். "அது குடை விழற இடம்" என்றாள். கழுத்தைச் சொறிந்தான். "இது உங்க கீழ்த்தாடையைப் பத்தி நான் பேசினது." ஒவ்வொரு அசைவுக்கும் கதையில் இடம் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் வரவர இறங்கியது. வாடிக்கை ஒருவரும் வரவில்லை. தெருவில் இத்தனை பேர் போகிறார்கள், ஒருத்தருக்குமா கண் மங்கலாக இல்லை என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

அவன் கை நின்றது.

நிமிர்ந்து பார்ப்பான் என்று நினைத்தோம். பார்க்கவில்லை. கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். பிறகு ஒயரைக் கழற்றிச் சுற்றி, சுற்றியதைப் பிரித்து, மறுபடி சுற்றினான். எழுந்து தெருவைக் கடந்தான். சைக்கிள்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான், அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பதினோரு வருஷமாகக் கேட்காமல் நுழைந்தவன், திறந்து கிடந்த கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றான்.

"யாரு?" என்றாள், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"நான்தான்." என் பக்கம் ஒருதரம் பார்த்தான். நான் போகலாம் என்று எழுந்தேன். வாசலை அவன் அடைத்துக்கொண்டு நின்றான்.

"கேட்டேன்" என்றான். "முழுசாக் கேட்டேன். கடைசியில ஒண்ணு சொல்லியிருக்க. அது... கதைக்கா? கதைக்குன்னா தட்டிடறேன். நல்லாத்தான் இருக்கு. இல்ல, ஆளுக்..."

அத்தோடு நிறுத்திவிட்டான். கதைக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாயங்காலம் நாலாயிரம் பேர் படிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை இவளும் கூடப் போய்ப் பல் வரிசை பார்த்துவிட்டு வரலாம். எல்லாம் பழையபடி இருக்கும். அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடினாள்.

பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, வலது கையை மெதுவாகத் தூக்கி ஆட்காட்டி விரலை அவனுக்கு நேராக நீட்டினாள். நீட்டிய விரலை மடக்கவில்லை.